கரிசலில் விளையாடட்டும் பிள்ளைகள்!

மழை விட்டதும் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகள் தெருவுக்கு ஓடுவார்கள். நாலு எட்டு வைப்பதற்குள் காலில் செருப்புக் கனத்துக்குக் கரிசல் ஒட்டிக்கொள்ளும். ‘சட்டை அழுக்காகிடும், உள்ளே வா’ என்று கூப்பிட்டு, கையில் செல்போனைக் கொடுக்கும் முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

பனி கொட்டும் நாடுகளில் குழந்தைகள் பனியை உருட்டிப் பொம்மை செய்வார்கள். மாவு போல உலர்ந்த பனி உருண்டை பிடிக்க வராது. லேசாக ஈரம் வேண்டும். கரிசலும் அப்படியே. தண்ணீர் குறைந்தால் உதிரும், கூடினால் வழியும். மண்ணில் மாடும் வண்டியும் செய்கிற பிள்ளை, சரியான பதத்தை விரலாலேயே கண்டுபிடிக்கிறது. ஐப்பசி மழைக்குப் பின் உழவுக்கு இறங்கும் விவசாயி மண்ணைப் பிடித்துப் பார்ப்பதும் இதே பதத்துக்காகத்தான்.

செய்த பொம்மை காய்ந்ததும் வெடிக்கும். ஏன்? கரிசலில் உள்ள களிமண் நீரை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிப்பதும், வீட்டுச் சுவர்கள் விரிசல் விடுவதும் இதனால்தான். அதையும் காட்டிச் சொல்லுங்கள். அடுத்த பொம்மைக்குக் கொஞ்சம் மணல் கலந்து பார்க்கட்டும், வெடிப்பு குறையும்.

இதில் மட்டும் கவனம்!

* இடிச் சத்தம் நின்று 30 நிமிடம் கழித்தே வெளியே விடுங்கள்.
* கண்மாய், ஊருணி, கிணறு, தோண்டிய குழி பக்கம் தனியாகப் போகக் கூடாது. ஈரக் கரிசல் வழுக்கும். விழுந்தால் ஏறி வருவது கஷ்டம்.
* மின்கம்பத்தைத் தொடக் கூடாது.
* காலில் புண் இருந்தால் ஈர மண்ணில் இறங்க வேண்டாம். விளையாடி முடித்ததும் கை, கால்களை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

சட்டையை நாளைக்குத் துவைத்துக்கொள்ளலாம். இந்த வானம் பார்த்த பூமியில் மழை நாளைக்கும் வருமா என்ன?