தொடங்க மறுக்கும் சேவைகள்

பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் கைப்பேசியைத் திறந்து, தளத்தை அடைய முடியவில்லை என்ற வாசகத்தை மட்டும் கண்டு மனம் பதைக்கும் ஒருவருக்கு, எங்கோ ஒரு குளிரூட்டப்பட்ட அறையில் சர்வர் என்னும் யந்திரம் யாதொரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருக்கக்கூடும் என்பதும், அதற்குள் இயங்க வேண்டிய பல சேவைகளில் ஒன்று மட்டும் தொடங்காமல் நின்றுவிட்டதே இத்தனைக்கும் காரணமாக இருக்கலாம் என்பதும் தெரிய நியாயமில்லை. யந்திரம் பழுதாவது வேறு. சேவை தொடங்க மறுப்பது வேறு. பின்னது அடிக்கடி நேர்வது. அநேகமாக எளிதில் தீரக்கூடியது. ஆயினும் பார்ப்பவர்களின் அவசரத்தினாலேயே மேன்மேலும் சிக்கலாகிவிடுவது.

வலைத்தளங்களைத் தாங்கும் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குகின்றன. உபுண்டு, டெபியன், ரெட் ஹாட் போன்ற அதன் பிரபலமான வகைகளில், யந்திரம் உயிர்பெற்றவுடன் முதலாவதாக எழுந்து மற்ற சேவைகளையெல்லாம் முறைப்படி எழுப்பும் பொறுப்பு, 2010ஆம் ஆண்டில் லென்னார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் வெளியிட்ட சிஸ்டம்டி என்னும் மென்பொருளுடையது. பக்கங்களை வழங்கும் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், தகவல்களைச் சேமிக்கும் மரியாடிபி, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் ஆகிய எல்லாம் அதன் அழைப்புக்கே எழுகின்றன. எழாத சேவையோ, தான் எழாத காரணத்தை அநேகமாக எப்போதும் லாக் எனப்படும் பதிவேட்டில் எழுதிவிட்டே மடிகிறது. நிர்வாகி செய்ய வேண்டிய முதற்காரியம் அதைப் படிப்பதுதான். ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை, சேவையின் பெயரைச் சொன்னால், அந்த வரிகளைக் கொண்டுவந்து தரும்.

ஆனால் நடப்பது என்ன? சேவை எழவில்லை என்றதும், மறுபடி தொடங்கு, மறுபடி தொடங்கு என்று கட்டளையைத் திரும்பத் திரும்ப இடுகிறார்கள். சிஸ்டம்டியின் இயல்பான ஏற்பாட்டின்படி, 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் ஒரு சேவையைத் தொடங்க முயன்றால், அது அந்த முயற்சியையே நிறுத்திவிட்டு, மிக வேகமாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது என்று குறித்துவிடும். கடைசி வரியாக நிற்கும் அதையே நோயின் காரணம் என்று மயங்கி, உண்மைக் காரணம் சில வரிகள் மேலே தெளிவாக எழுதப்பட்டிருக்க, அதைக் காணத் தவறியவர்கள் பலர். பதிவேட்டைக் கீழிருந்து மேலாக, முதல் பிழை எங்கே தோன்றியதோ அதுவரை படிக்க வேண்டும்.

அங்கே மிகுதியாகக் காணப்படும் புகார், முகவரி ஏற்கெனவே உபயோகத்தில் இருக்கிறது என்பது. ஒரு தாலுகா அலுவலகத்தில் எண்ணிட்ட ஜன்னல்கள் பல இருப்பதுபோல, ஒரு சர்வருக்கு 65,535 வரை எண்ணிட்ட போர்ட்டுகள் உண்டு. வலைப் பக்கங்களுக்கு 80, 443, பெயர்களை எண்முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ்ஸுக்கு 53, எஸ்எஸ்எச்சுக்கு 22. (பின்லாந்தின் தாத்து யுலோனன் 1995இல் எஸ்எஸ்எச்சை உருவாக்கியபோது, தாம் மாற்ற விரும்பிய பழைய சேவைகளான எஃப்டிபியின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் இடையே 22 காலியாக இருப்பதைக் கண்டு, அதைக் கேட்டுப் பெற்றார்.) ஒரு போர்ட்டில் ஒரு சேவை அமர்ந்திருக்க, இன்னொன்று அதே இடத்தை வேண்டினால் லினக்ஸ் மறுத்துவிடும். உபுண்டுவில் டிஎன்எஸ்மாஸ்க் என்னும் பெயர்ச் சேவையைப் புதிதாக நிறுவுகிறவர்கள் பலர் இதில்தான் இடறுகிறார்கள், 127.0.0.53 என்ற உள்முகவரியின் 53ஆம் போர்ட்டில் சிஸ்டம்டியின் பெயர்ச் சேவையே முன்னதாக அமர்ந்திருப்பதை அவர்கள் அறிவதில்லை. எந்தப் போர்ட்டில் எது இருக்கிறதென்று எஸ்எஸ் என்ற சிறு கட்டளை உடனே காட்டிவிடும்.

அடுத்தது அனுமதி மறுப்பு. 1024க்குக் கீழ்ப்பட்ட போர்ட்டுகளை நிர்வாக அதிகாரமுள்ள செயலியே திறக்கலாம் என்பது பெர்க்லி யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் வழக்கம். அதிகாரம் இருந்தும் மறுப்பு வருமானால், அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்இலினக்ஸ் என்னும் காவல் ஏற்பாட்டைச் சந்தேகிக்கலாம். என்ஜின்எக்ஸை அதற்கு அறிமுகமில்லாத 8085ஆம் போர்ட்டில் அமர்த்தினால் அது தடுக்கும். அந்த எண்ணை அனுமதிப் பட்டியலில் சேர்ப்பது ஒரே வரி வேலை. அதை விட்டு, காவலையே அணைத்துவிடுவதும், கோப்புகள் அனைத்துக்கும் 777 என்று எல்லோருக்கும் எல்லா உரிமையும் வழங்கிவிடுவதும் பரிகாரமல்ல, அபசாரம் என்றே சொல்வேன்.

அமைப்புக் கோப்பில் விடுபட்ட ஓர் அரைப்புள்ளியும் சேவையை நிறுத்தும். இதில் கவனிக்கத்தக்க சூட்சுமம் ஒன்றுண்டு: ஓடிக்கொண்டிருக்கும் சேவை, தான் எழுந்தபோது படித்த அமைப்பைக் கொண்டே ஓடுகிறது, ஆதலால் மாசி மாதத்தில் செய்த பிழை, ஆடியில் யந்திரம் மறுபடி தொடங்கப்படும் நாளில்தான் வெளிப்படும். என்ஜின்எக்ஸ், அப்பாச்சி, எஸ்எஸ்எச் யாவும் தம் கோப்பை முன்கூட்டியே சோதித்துக்கொள்ளும் வசதி உடையவை. மாற்றம் செய்த அந்த நிமிஷமே சோதிக்காமலிருப்பதற்கு மன்னிப்பில்லை.

யந்திரம் தொடங்கும்போது விழுந்துவிட்டு, பிறகு கையால் எழுப்பினால் மட்டும் ஒழுங்காக எழும் சேவையும் உண்டு. இது மாயமன்று. வலை இணைப்பு தன் முகவரியைப் பெறுவதற்கு முன்பே சேவை அந்த முகவரியைத் தேடியிருக்கிறது. வலை முழுதும் தயாரான பின்னரே எழு என்று சிஸ்டம்டியிடம் சொல்லிவைத்தால் போதும். வட்டு நிரம்பி, எழுத இடமில்லாமல் மரியாடிபி எழாதிருப்பதும் சாதாரணம்.

ஸ்தாபனங்களின் தலைமையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேவை நின்ற நேரத்தில் நிர்வாகியின் அருகே நின்று, வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்காதீர்கள். பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டு, அதைப் படித்துப் பார்க்க அவருக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள்.