தங்கிப் பார்ப்பவர்களின் காடு

தேனி மாவட்டத்து மேகமலையின் ஹைவேவிஸ் பகுதியில் 1948-இல் ஒரு பழந்தின்னி வௌவால் பிடிபட்டது. பிடித்தவர் ஆங்கஸ் ஹட்டன் என்ற பிரிட்டிஷ்காரர். தோட்ட வேலைக்காக அங்கே தங்கியிருந்தவர், கிடைத்த நேரத்தில் பாம்பையும் விலங்கையும் தேடித் திரிந்தவர். அந்த வௌவாலை நாடெங்கும் காணப்படும் சாதாரண இனமென்றே எண்ணினார்கள். பதப்படுத்தப்பட்ட அதன் உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் கிடந்தது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதைத் திரும்ப எடுத்து ஆராய்ந்து, இனம் மட்டுமின்றிப் பேரினமும் புதிது என்று 1972-இல் அறிவித்தார். பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். அந்த இனத்தை மறுபடி உயிரோடு பார்த்ததாக உறுதியான பதிவு வந்தது 1993-இல்தான், பிரிட்டனின் ஹாரிசன் விலங்கியல் அருங்காட்சியகக் குழு மேகமலையில் வந்து தேடியபோது. பிடித்த நாளுக்கும் மறுபடி கண்ட நாளுக்கும் இடையே 45 ஆண்டுகள். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடும் யானையோடும் இடம்பெற்ற ஓர் உயிருக்கு நேர்ந்த கதை இது.

அந்த 45 ஆண்டுகளும் மேகமலை ஆளில்லாத காடாக இருக்கவில்லை. ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு, மகாராஜாமெட்டு என்று தோட்டங்கள் பரவின. தொழிலாளர்களின் லயன் வீடுகளில் குழந்தைகள் பிறந்து வளர்ந்தார்கள். நீர்மின் திட்டத்துக்காக அணைகள் எழுந்தன. வௌவால் பறக்கும் அந்தி வேளையில் அந்த மரங்களுக்கடியில் தினமும் மனிதர்கள் நடந்தார்கள். இறைச்சிக்காகவும் நாட்டு வைத்தியத்துக்காகவும் இதைப் பிடிப்பது இந்த இனத்துக்கான ஆபத்துகளில் ஒன்றென ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். அப்படியானால் அது எங்கே இருக்கிறது, எந்தப் பழத்துக்கு எப்போது வருகிறது என்பதை அறிந்தவர்கள் மலையிலேயே இருந்தார்கள் என்றுதானே பொருள்? அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நான் சொல்ல வருவது இதைத்தான்: காட்டுயிரை அறிவதற்கு முதல் தேவை கேமராவும் இல்லை, தொலைநோக்கியும் இல்லை, ஒரே இடத்தில் நெடுங்காலம் தங்கியிருப்பது. தேனி மாவட்டத்தில் அப்படித் தங்கியிருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும், மேகமலையை ஒருநாள் வந்துபோகிறவர்களின் காட்சிப்பொருளாக மட்டும் நாம் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

தங்கியவர்கள் என்ன செய்ய முடியும் என்பதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு மத்திய அமெரிக்காவில் இருக்கிறது. கோஸ்டாரிகாவின் மலைமுகட்டு ஊரான மான்டிவெர்டேயை 1951-இல் உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து குடிபெயர்ந்த குவேக்கர் குடும்பங்கள். போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினர் அவர்கள். ராணுவத்தில் சேர மறுத்து அவர்களில் நால்வர் சிறை சென்றிருந்தார்கள். 1948-இல் ராணுவத்தையே கலைத்த நாடு என்பதால் கோஸ்டாரிகாவைத் தேர்ந்தெடுத்தார்கள். மாடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்து பிழைத்தவர்கள், வாங்கிய நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வெட்டாமல் விட்டார்கள். ஊருக்கு நீர் தருவது மேலேயுள்ள மேகக்காடு என்பதே காரணம். கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேகமலை, வருசநாட்டு மலைகளில் ஊறும் நீர்தானே வைகை? அந்த ஒதுக்கிவைத்த காட்டையொட்டி 1972-இல் மான்டிவெர்டே மேகக்காட்டுக் காப்பகம் உருவானது. இன்று உலகெங்குமிருந்து அங்கே பறவை பார்க்கப் போகிறார்கள். தங்கியவர்கள் முதலில் காட்டைக் காத்தார்கள், பயணிகள் பிறகு வந்தார்கள் என்ற வரிசையை நாம் கவனிக்க வேண்டும்.

மான்டிவெர்டேயின் பொன்தேரை இந்த வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று. 1964-இல் அதை முதலில் உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தவர் அந்த ஊரில் குடியிருந்த ஒரு குவேக்கர். ஆண் தேரை முழுக்கப் பளீரென்ற ஆரஞ்சு நிறம். ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும், இனப்பெருக்கத்துக்காக, மழைநீர்க் குட்டைகளில் கூட்டமாக வெளிப்படும். மற்ற நாட்களில் மண்ணுக்குள் இருக்கும். சுற்றுலாவுக்கு வந்தவருக்கு அது கண்ணில் படுவது அதிர்ஷ்டம். ஆண்டுதோறும் அங்கேயே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் கணக்கு தெரிந்தது. 1987-இல் 1,500-க்கு மேல் கண்டவர்கள், 1988-இல் சுமார் பத்தைத்தான் கண்டார்கள். 1989-இல் ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. 2004-இல் அற்றுப்போன இனமாக அறிவிக்கப்பட்டது. பூஞ்சை நோயா, வறட்சியா, இரண்டும் சேர்ந்தா என்று இன்றும் ஆராய்கிறார்கள். காப்பாற்ற முடியவில்லைதான். ஆனால் எந்த ஆண்டில், எந்தக் குட்டையில், எத்தனை என்ற பதிவு இருந்ததால்தான் அந்த அழிவு உலகெங்கும் தவளை, தேரைகளுக்கு வந்த ஆபத்தைத் தெரிவிக்கும் எச்சரிக்கையானது.

மேகமலையில் இதற்கு நேர்மாறான நிலை. ஹட்டன் பிடித்து அனுப்பிய குழிவிரியன் பாம்பு ஒன்றுக்கு 1949-இல் ஊர்வனவியலாளர் மால்கம் ஸ்மித் ஹட்டனின் பெயரையே வைத்தார். அந்த இனத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் அன்று கிடைத்த இரண்டு பாம்புகளின் உடலோடு நின்றுவிடுகிறது. அது இன்னும் இருக்கிறதா, தேயிலை பரவியதில் போய்விட்டதா, அல்லது தனி இனமே இல்லையா? எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லத் தேவையான தொடர்ச்சியான பார்வை அந்த மலைக்குக் கிடைக்கவில்லை. மான்டிவெர்டே தான் இழந்ததை அறியும். மேகமலை இழந்திருந்தால், இழந்தது எது என்றுகூட அறியாது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் ஒப்பீடு.

இங்கே ஓர் எதிர்வாதம் நியாயமாகவே எழும். ஹட்டன் போன்றவர்களை மெச்சுவது எப்படிச் சரி? காட்டை வெட்டித் தேயிலை நட்ட முதலாளித்துவத்தின் ஊழியர்தானே அவர்? வௌவாலின் வீட்டை அழித்தவர்களே வௌவாலுக்குப் பெயர் வாங்கித் தந்தது என்ன பெருமை? இந்த வாதத்தை நான் முழுவதுமாக ஏற்கிறேன். சோலைக்காடு துண்டு துண்டானதற்கும், சிங்கவால் குரங்குகள் அந்தத் துண்டுகளுக்குள் ஒடுங்கியதற்கும் தோட்டங்களே முதல் காரணம். ஆனால் அந்த உண்மை என் வாதத்தை மறுக்கவில்லை. ஹட்டனுக்கு இருந்த தனித்திறன் என்று பெரிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மலையில் குடியிருந்தார், எழுதி வைத்தார், எழுதியதை வெளியிட ஓர் இதழ் இருந்தது. 1949-இல் அவருடைய பாம்பு, பாலூட்டிக் குறிப்புகள் பம்பாய் கழகத்தின் இதழில் வந்தன. இந்த மூன்றில் முதலாவது தோட்டத் தொழிலாளிக்கு ஹட்டனைவிடப் பல மடங்கு உண்டு. பளியர் பழங்குடிகளுக்கோ அதைவிடவும் தொன்மையாக உண்டு. மற்ற இரண்டையும் அவர்களுக்கு நாம் தரவில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நாட்டின் 51-ஆவது, தமிழகத்தின் ஐந்தாவது. சின்னமனூரிலிருந்து தென்பழனி சோதனைச்சாவடி வழியாக ஏறும் மலைப்பாதை சீரான பிறகு, விடுமுறை நாட்களில் கார்களும் இருசக்கர வாகனங்களும் வரிசை கட்டுகின்றன. வருகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெயிலில் வெந்த மதுரைக்காரர் ஒருநாள் மேகத்தைப் பார்க்க ஆசைப்படுவதில் தவறென்ன? அவர் கண்ணுக்கு என்ன படுகிறது என்பதுதான் கேள்வி. பகல் பத்து மணிக்கு ஏறி மாலைக்குள் இறங்கியாக வேண்டிய பயணத்தில் தேயிலையும் அணைநீரும் தெரியும். அதிர்ஷ்டமிருந்தால் தூரத்தில் காட்டுமாடு தெரியும். அந்த அவசரத்துக்கே பெரும் விலை கொடுத்த இடம் பக்கத்தில் இருக்கிறது. தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் நின்ற விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. விலங்கு எப்போது வரும், எங்கே நிற்கும் என்று தெரியாத கூட்டம், கண்ட அந்தக் கணத்தை விடக்கூடாதென்று பாய்கிறது.

‘சுற்றுலாவைக் குறைத்தால் பிழைப்பு போகும்’ என்பார்கள் விடுதிக்காரர்களும் ஜீப் ஓட்டுநர்களும். அதற்கான பதில் கம்பத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள், குமுளியிலேயே கிடைக்கிறது. அங்குள்ள பெரியாறு காட்டில் வயணா என்ற காட்டுப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்ற ஒரு கூட்டம் இருந்தது. காட்டுக்குள் வாரக்கணக்கில் தங்கி, யானைத் தடத்தையும் காவலர் நடமாட்டத்தையும் மனப்பாடமாக அறிந்தவர்கள். 1990-களின் இறுதியில், சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடந்த காலத்தில், வழக்குகளிலிருந்து விடுவிக்கும் ஏற்பாட்டோடு அவர்களில் 23 பேர் வனத்துறையோடு கைகோத்தார்கள். அன்று தொடங்கிய ‘பெரியாறு டைகர் டிரெயில்’ நடைப்பயணத்துக்கு அவர்களே வழிகாட்டிகள். பயணிகளைச் சிறு குழுவாக அழைத்துச் சென்று காட்டுக்குள் இரவு தங்கவைத்துத் திரும்புவார்கள். அதே நடையில் காவலும் நடக்கிறது. கள்ள வேட்டைக்காரர்களைப் பற்றிய தகவலும் அவர்களிடமிருந்தே வந்தது. பயணிகள் தரும் பணம் அவர்களின் குழுவுக்குப் போகிறது. 2002 முதல் குமுளிப் பெண்கள் ‘வசந்த சேனை’ என்ற பெயரில் கூலி வாங்காமல் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள். காட்டை அறிந்தவன் காட்டுக்கு எதிரியாக இருந்த காலத்திலும் அவன் அறிவு உண்மையானதுதான். அதற்கு வேறு கூலி கொடுத்தபோது அது காவலாக மாறியது. உள்ளூர்க்காரர்கள் வேட்டையாடுகிறார்கள், அவர்களை நம்பிக் காட்டை விட முடியாது என்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. அதைச் சொல்பவர்கள் விவசாயிகள். யானை தென்னையைச் சாய்க்கிறது, பன்றி நிலக்கடலையைத் தோண்டுகிறது. அடிபடுகிறவனைப் பார்த்து ‘நீயே ரசித்துக் குறிப்பெழுது’ என்பது கொடுமையில்லையா? 2023-ஐக் கம்பம் மறக்காது. கேரளத்தின் சின்னக்கானலில் ஏப்ரல் 29 அன்று பிடிபட்ட அரிக்கொம்பன் என்ற யானை, பெரியாறு காப்பகத்தில் விடப்பட்டு, மேகமலைப் பக்கம் வந்து, மே 27 அன்று கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. 144 தடை போட்டார்கள். அது தாக்கி ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று சண்முகநதி அணைப் பக்கத்தில் பிடித்து, களக்காடு-முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அத்தனை நாளும் அதன் கழுத்தில் ரேடியோ பட்டை இருந்தது. யானை எங்கே நிற்கிறது என்பதைப் பட்டை சொன்னது. அடுத்து எந்தத் தோப்புக்கு, எந்த ஓடை வழியாக இறங்கும் என்று ஊகிக்க, அந்த ஓடையை அறிந்தவர் வேண்டும். பட்டைக்கும் ஊருக்கும் நடுவே அப்படிப்பட்ட ஆட்களை முறையாக நியமித்திருந்தால் நகரம் அன்று அவ்வளவு பதறியிருக்காது என்பது என் கணிப்பு. ரசனைக்காக மட்டும் நான் இதைப் பேசவில்லை. விடிவதற்கு முன் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் போகிற பெண்கள் காட்டோரச் சாலைகளை ஆண்டு முழுவதும் பார்க்கிறார்கள். எந்த வளைவில் எந்த மாதம் யானை நிற்கிறது என்ற அவர்களின் அறிவை வனத்துறையின் எச்சரிக்கை முறையில் சேர்ப்பதற்குச் செலவு அதிகமில்லை. அதற்கு ஊதியம் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இலவசமாகக் கேட்டால் அது சுரண்டல்.

இப்படி அறிந்தவர்கள் காட்டில் தங்கியிருக்க முடிகிறதா என்பது அடுத்த கேள்வி. வருசநாட்டு மலைக்கிராமங்களில், காட்டிலிருந்து வெளியேற்றுவதை எதிர்த்துப் போராட்டம் நடந்திருக்கிறது. புதிதாகக் காடு திருத்துவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் தலைமுறையாகக் காட்டோடு வாழ்ந்தவரையும் நேற்று மரம் வெட்டியவரையும் ஒரே நோட்டீஸில் அடக்குவது சட்டத்துக்கே எதிரானது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பளியர் போன்ற பழங்குடிகளுக்குக் காட்டில் வாழும் உரிமையோடு, தம் கிராமசபை வழியாகக் காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் தருகிறது. அந்த இரண்டாம் பாதியைப் பற்றித் தேனியில் பேச்சே இல்லை.

காலம் குறைவு என்று நான் பதறுவதற்கு மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் காரணம். அரிக்கொம்பன் கொண்டுபோய் விடப்பட்ட அதே களக்காடு-முண்டந்துறைக் காப்பகத்துக்குள் இருக்கும் அந்தத் தோட்டங்களில், குத்தகை 2028-இல் முடிய இருக்க, 2024-இலேயே தொழிலாளர்களை வெளியேறச் சொன்னார்கள். நான்கு தலைமுறையாக அந்த மலையில் இருந்தவர்கள் அவர்கள். நஷ்டஈடு, வீடு, வேலை பற்றிய வழக்குகள் நடந்தன. அவர்கள் பார்த்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கோரிக்கை பெரிதாக எழவில்லை. மேகமலையின் லயன் வீடுகளில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெறுகிறவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு ஆண்டுதோறும் கீழே இறங்குகிறார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வௌவால் ஆராய்ச்சியில் உலகப் பெயர் பெற்றது; எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் அங்கே நடத்திய ஆய்வுகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. அந்தப் பல்கலைக்கழகமும் வனத்துறையும் சேர்ந்து, இந்த ஆண்டு ஓய்வு பெறுகிற தொழிலாளிகளில் இருந்தே தொடங்கலாம்: சாலிம் அலி வௌவால் எந்த மரத்துப் பழத்துக்கு வந்தது, ஹட்டனின் பாம்பு போல ஒன்றை எங்கே கண்டார்கள், இருவாச்சிப் பறவை கடைசியாகக் கூடு வைத்தது எந்த மரத்தில் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, சொன்னவர் பெயரோடும் ஊதியத்தோடும் எழுதிவைக்க வேண்டும்.