இலவங்கப்பட்டையும் மருத்துவ நூலகமும்

இலவங்கப்பட்டைப் பொடியைக் காலையில் வெந்நீரில் கலந்து பருகினால் சர்க்கரை நோய் தீர்ந்துவிடும் என்னும் செய்தி, எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் பெரும்பாலோரின் கைப்பேசியில் ஒரு முறையேனும் வந்திருக்கும். அனுப்புபவர் மைத்துனராகவோ, அடுத்த தெரு அக்காவாகவோ இருப்பார். அன்பினால் அனுப்புகிறார்; அதனால்தான் நாம் நம்பிவிடுகிறோம். பொடியைப் பருகுவதனால் பெரிய தீங்கு நேர்வது அரிது. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் தீங்கு. திருமழிசைப் பக்கம் பணிபுரியும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இரண்டு மாதம் மெட்ஃபார்மினை விட்டுவிட்டு, ஆறாத கால் புண்ணோடு எங்களிடம் வந்தார். விரலைக் காப்பாற்ற முடிந்தது. அதற்கு மூன்று வாரம் அவர் படுக்கையில் கிடக்க வேண்டியிருந்தது.

இவ்வினா புதியதன்று. ஆய்வாளர்கள் இதனை எடுத்துக்கொண்டு, அதுவரை நடந்திருந்த தகுதியான ஆய்வுகள் அனைத்தையும் தேடித் தொகுத்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் 10 ஆய்வுகள், 577 நோயாளிகள். நாளொன்றுக்குச் சராசரியாக 2 கிராம் பட்டை, 4 முதல் 16 வாரங்கள் வரை கொடுக்கப்பட்டது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவில், பட்டை உண்டவர்க்கும் உண்ணாதவர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சர்க்கரை நோய்க்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே அத்தொகுப்பின் முடிவு.

இப்படித் தேடித் தொகுப்பது எளிய செயலன்று. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1997 முதல் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவைத்திருக்கும் பப்மெட் என்னும் தேடுதளத்தில் மட்டுமே இன்று 3 கோடியே 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் உள்ளன. அவற்றுள் வேண்டியவற்றைப் பிரித்தெடுக்கும் கலை மருத்துவ நூலகர்க்கு உரியது. பட்டையை அதன் வழக்குப் பெயரால் மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். தாவரவியல் பெயராலும், அதன் வேறு இனங்களின் பெயராலும் தேடவேண்டும். மருத்துவர் பெயர் முன்பக்கத்தில் வரும். நூலகர் பெயர் பெரும்பாலும் கடைசி நன்றியுரையில் நின்றுவிடும். எனக்கு இது நியாயமாகப் படுவதில்லை.

தொகுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிர்ச்சி பெறும் என்று நியூசிலாந்து மருத்துவர் இருவர் 1972-இல் கண்டறிந்து வெளியிட்டனர். அதன்பின் வேறு பல ஆய்வுகளும் நடந்தன. ஆனால் அவை ஆளுக்கொரு இதழில் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்த தொகுப்பு 1989-இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் உலகெங்கும் எத்தனையோ குழந்தைகள் அந்த ஊசி கிடைக்காமலே இறந்தன. அந்த ஆய்வுகளின் வரைபடமே, பிரிட்டன் மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன் பெயரால் 1993-இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பின் சின்னம் ஆயிற்று. மேலே சொன்ன இலவங்கப்பட்டைத் தொகுப்பும் அவ்வமைப்பு வெளியிட்டதே.

காக்ரேன் நமக்குத் தொலைவில் உள்ளதன்று. குத்தம்பாக்கத்திலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் வரும் வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான் அதன் தெற்காசிய மையம் உருவாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் கட்டணத்தைத் தானே செலுத்தி, இந்தியாவில் வாழும் எவரும் காக்ரேன் நூலகத்தை இலவசமாகப் படிக்க வழி செய்தது. பொதுமக்களுக்காக எழுதப்படும் எளிய சுருக்கங்கள் பலவற்றைத் தன்னார்வலர்கள் இணையம் வழியே தமிழில் பெயர்த்துள்ளனர். காக்ரேன் இணையதளத்தில் மொழிப் பட்டியலில் தமிழைத் தெரிவு செய்தால் அவற்றைக் காணலாம். தமிழில் உள்ளவை ஆங்கிலத்தில் உள்ளவற்றில் ஒரு பகுதியே. நடை சில இடங்களில் கடினமாகவும் இருக்கும். 'சமவாய்ப்பு' என்னும் சொல்லைக் கண்டு மிரள வேண்டாம். யாருக்கு மருந்து, யாருக்கு மாற்று என்பதை ஆய்வாளர் தம் விருப்பப்படி தெரிவு செய்யாமல், பூவா தலையா போட்டது போல் முடிவு செய்தார்கள் என்பதே அதன் பொருள். சுருக்கம் எழுதப்பட்ட ஆண்டையும் பாருங்கள். பழைய முடிவைப் புதிய ஆய்வு மாற்றியிருக்கக்கூடும்.

படிப்பதோடு நிற்க வேண்டியதில்லை. 2016-இல் காக்ரேன் தொடங்கிய 'கிரவுட்' என்னும் இணையப் பணியில், மருத்துவப் பட்டம் இல்லாதவரும் பங்கேற்கலாம். சிறு பயிற்சிக்குப் பின், கட்டுரைச் சுருக்கம் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். அது சமவாய்ப்பு முறையில் நடந்த ஆய்வா, இல்லையா என்று குறித்தால் போதும். ஒரே கட்டுரையைப் பலர் பார்ப்பர். கருத்து வேறுபட்டால் அனுபவம் மிக்கவர் தீர்த்து வைப்பர். ஒருவர் தவறினாலும் மற்றவர் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இது. நீங்கள் டயாலிசிஸ் முடியும்வரை வெளியே நான்கு மணி நேரம் காத்திருக்கும் உங்கள் கல்லூரி மகளுக்கு இது உகந்த வேலை. ஆங்கிலம் வேண்டும் என்பதே குறை.

நோயாளர் கூடிப் பேசும் வாட்ஸ்அப், முகநூல் குழுக்களை நான் வெறுப்பவன் அல்லன். மருந்துக்குப் பின் வாய்ப்புண் வந்தால் எதைச் சாப்பிட முடிந்தது என்பதை என்னைவிட, அதைப் பட்டவர் நன்றாகச் சொல்வார். ஆனால் மருந்தை நிறுத்தலாமா, அளவை மாற்றலாமா என்னும் வினாவுக்கு ஒருவரது அனுபவம் விடையாகாது. அவ்வினா எழுந்தால் செய்தியை அழிக்காமல், வெட்கப்படாமல், அப்படியே எங்களிடம் காட்டுங்கள். பார்த்துச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். உடனே விடை தெரியாவிட்டால் தேடி, அடுத்த வருகையில் சொல்வோம்.

இன்னொன்றும் கேட்கிறார்கள்: "புது மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா?" இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007 ஜூலை முதல் இணையத்தில் உள்ளது; மருந்துச் சோதனைகளைத் தொடங்குமுன் அதில் பதிவு செய்வது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். எனவே ஆய்வில் சேருமாறு கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். அதைக் கொண்டு, ஆய்வு எங்கு நடக்கிறது, எத்தனை பேரிடம், யார் பொறுப்பு, எந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தது என்பவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும் என்று கேட்பதும், கையெழுத்திட்டபின் அதன் படி ஒன்றைப் பெற்றுக்கொள்வதும் உங்கள் உரிமை. எண்ணைக் கூறத் தயங்குவாராயின், கையெழுத்திடாமல் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வாருங்கள்.