ஆளில்லாத கடற்கரை தேடுமுன் ரசீதைத் தேடுங்கள்

ஏரியூர், நெருப்பூர், நாகமரைப் பக்கத்திலிருந்து அந்தமானுக்குக் கிளம்புகிறவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். பெங்களூருவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறார்கள். சீட்டு எடுத்த பணத்தில் கல்யாண நாளுக்குப் போகிறவர்களும் உண்டு. போகும்போது இருக்கும் உற்சாகம் பலருக்குத் திரும்பும்போது இருப்பதில்லை. "அண்ணா, ஆளே இல்லாத பீச், ஸ்நோர்க்கலிங், எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்னான். முழங்கால் தண்ணியில நிக்க வெச்சு நாலு போட்டோ எடுத்து அனுப்பிட்டான்" என்பார்கள். யாரிடம் பணம் கட்டினீர்கள் என்றால், போனில். ரசீது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. இதில் உயிரும் போகிறது. அதனால் தண்ணீர் விஷயத்தை முதலில் பேசிவிடுகிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு அசட்டுத் துணிச்சல் உண்டு. காவிரியில் குதித்து வளர்ந்தவர்கள், நாகமரையிலிருந்து பண்ணவாடிக்கும் ஒட்டனூரிலிருந்து கோட்டையூருக்கும் படகில் ஆயிரம் முறை போய்வந்தவர்கள். தண்ணீர் நம்மை என்ன செய்யும் என்ற நினைப்பு. மேட்டூர் அணைத் தேக்கத்துத் தண்ணீர் வேறு, கடல் வேறு. கடலில் அலை தள்ளும், நீரோட்டம் இழுக்கும். ஓதம் வற்றினால் பவளப்பாறை காலைக் கிழிக்கும், ஏறினால் நின்ற இடத்தில் கால் எட்டாது. முகமூடி மாட்டி மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு குனிந்து பார்ப்பது சுலபமாகத்தான் தெரியும். குழாய்க்குள் ஒரு வாய் தண்ணீர் ஏறினால் அதை ஊதி வெளியே தள்ளத் தெரியாதவர், நன்றாக நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும் பதறிப்போவார். இதய நோயோ வலிப்போ இருப்பவர்கள் வழிகாட்டியிடம் அதை மறைக்கவே கூடாது. மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

2014 ஜனவரி 26 அன்று, இன்று ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேர் அருகே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 21 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். 25 பேர் ஏற வேண்டிய படகில் நாற்பதுக்கும் மேற்பட்டோரை ஏற்றியிருந்தார்கள். ஏற்றியவர்கள் மீது குற்றம் இருக்கிறது, அதைக் கண்காணிக்க வேண்டிய அதிகாரிகள் மீதும் இருக்கிறது. ஆனால் படகில் ஏறும் நேரத்தில் நம்மைக் காப்பாற்ற எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. படகின் பக்கவாட்டில் எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருக்கும், படியுங்கள். தலைகளை எண்ணுங்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் ஏறாதீர்கள். மூட்டையாகக் கட்டி மூலையில் போட்டிருக்கும் ஜாக்கெட் கணக்கில் சேராது. உடம்பில் மாட்டி, வார் இழுத்துக் கட்டியது மட்டுமே ஜாக்கெட்.

இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹேவ்லாக் தீவில் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) எலிஃபண்ட் பீச்தான் முதல்முறை போகிறவர்களுக்கு ஏற்றது. வழிகாட்டியும் மிதவை வளையமும் அங்கே கிடைக்கும். நீல் தீவில் (ஷஹீத் தீவு) பரத்பூர் கடற்கரையில் ஆழம் குறைவு. ஓதம் வற்றிய நேரத்தில் போனால் பாறையைத்தான் பார்க்க முடியும், அதனால் ஓத நேரத்தை முந்தின நாளே விடுதியில் கேட்டு வையுங்கள். வண்டூரிலிருந்து போகும் ஜாலி பாய் தீவு, மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி கட்டாயம், பிளாஸ்டிக் கூடாது, ஆண்டு முழுதும் திறந்திருக்காது. அமைதிதான் வேண்டும் என்றால் லாங் ஐலண்டின் லாலாஜி பே, திக்லிபூர் பக்கம் ராஸ்–ஸ்மித் இரட்டைத் தீவுகள். தொலைவு அதிகம், ஆனால் கூட்டம் குறைவு. கடல் தெளிந்திருப்பது பெரும்பாலும் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை.

ஆளில்லாத கடற்கரையில் உங்களைக் காப்பாற்றவும் ஆள் இருக்காது. இதை இன்னொரு முறை படியுங்கள். 2010இல் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையை ஒட்டிய இடத்தில் ஸ்நோர்க்கலிங் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றது. முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் கடற்கரைகள் அந்தமானில் உண்டு. அந்தப் பலகையில் சாய்ந்து செல்ஃபி எடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறவர்களை என்னவென்று சொல்வது? ராதாநகரில் உயிர்காப்பாளர் நிற்கும் எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை எண் 1554. பொது அவசர எண் 112.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் ராமேஸ்வரம் பக்கம் போகிறார்கள். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அதில் 21 தீவுகள். வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தத் தீவுகளில் கால் வைப்பது குற்றம். "நம்ம ஆள் படகு வெச்சிருக்கான், காலையில கூட்டிட்டுப் போயிடுவான்" என்று யாராவது சொன்னால், அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் வந்த வழியே திரும்புங்கள்.

திரும்பி வரும்போது ஒரு பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொள்வது நம்மவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கரையில் ஒதுங்கிக் கிடந்த செத்த துண்டுதானே என்பார்கள். பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். விமான நிலையத்தில் பையை எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள், பிடிக்கிறார்கள். சிப்பிப் பொருள் வேண்டுமென்றால் உரிமம் உள்ள கடையில் வாங்கி, ரசீதைக் கையில் வைத்திருங்கள். மறுபடியும் ரசீது!

இனி பணத்துக்கு வருவோம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஏஜென்ட்டின் முழுப்பெயர், கடை முகவரி, ஜிஎஸ்டி எண், எந்தெந்த நாள் எந்த இடம், ஸ்நோர்க்கலிங் கட்டணத்துக்குள் அடங்குமா, கடல் கொந்தளித்துக் கப்பல் ரத்தானால் பணம் எப்படித் திரும்பும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்தாலும் போதும், ஆனால் அழிக்காதீர்கள். கையில் பணமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக அனுப்புங்கள். ஸ்கூபா டைவிங்கை விமானம் ஏறும் நாளுக்கு முந்தின மாலை வைத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். டைவிங் முடித்து 18 மணி நேரமாவது கழித்து விமானம் ஏறுவதுதான் பாதுகாப்பு. வெறும் ஸ்நோர்க்கலிங்குக்கு இந்தக் கணக்கு வேண்டாம்.

ஏமாந்தால் என்ன செய்வது? "அந்தமானில் நடந்ததற்கு நான் எங்கே போய் வழக்குப் போடுவேன்" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். எங்கேயும் போக வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 34ஆம் பிரிவுப்படி, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஏஜென்ட் சென்னையில் இருந்தாலும், டெல்லியில் இருந்தாலும், ஏரியூர்க்காரருக்குத் தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே பேசலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். சில ஏஜென்ட்டுகள் அதிலேயே வழிக்கு வந்துவிடுவார்கள். வராவிட்டால் ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் பெயர் முகவரி, எதிர்த்தரப்பின் பெயர் முகவரி, நடந்தது தேதிவாரியாக, கேட்கும் நிவாரணம் ஆகியவற்றை எழுதுங்கள். பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு அறிக்கை, வாட்ஸ்ஆப் உரையாடலின் அச்சுப்படி, விமான, கப்பல் டிக்கெட்டுகள், உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றை இணையுங்கள். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். "போகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டே இந்தக் கெடுவைத் தாண்டிவிடுகிறார்கள்.

ஏஜென்ட் என்று ஒருவரே இல்லாத, முழு மோசடி என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. பணம் மோசடிக்காரர்கள் கணக்கிலிருந்து வெளியேறும் முன் முடக்க வாய்ப்புள்ள முதல் சில மணி நேரத்தில் அழைக்க வேண்டும். காவல் நிலையத்தில் "அது எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பெற வேண்டும் என்கிறது. மறுத்தால் அதே புகாரை விரைவு அஞ்சலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வக்கீல் வேண்டும், பணமில்லை என்றால் இலவசச் சட்ட உதவி எண் 15100; பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் கிடைக்கும். சுற்றுலாத் துறையின் 1363 உதவி எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். அரபு, ஜப்பான், கொரிய மொழி உட்பட 12 மொழிகளில் பேசுகிறார்களாம். அந்தப் பன்னிரண்டில் தமிழ் இல்லை. கொரியருக்குக் கிடைக்கும் உதவி காஞ்சிபுரத்துக்காரருக்கு வேண்டாமா?

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒன்று. தீவில் ஒருவர் மூழ்கி இறந்துவிட்டால், அழுத கண்ணோடு உடலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இறப்பு நடந்த ஊரில்தான் இறப்புப் பதிவு. ஏரியூரில் யாரும் அந்தச் சான்றிதழைத் தர முடியாது. உடன் போனவர்களில் ஒருவர் அங்கேயே தங்கி, காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை அல்லது விசாரணை அறிக்கையின் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ் மூன்றையும் வாங்க வேண்டும். உடனே கிடைக்காவிட்டால் விண்ணப்பித்த ஒப்புகையை வாங்குங்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தவர் என்றால் 2 லட்சம் ரூபாய் உண்டு. நீரில் மூழ்கியது என்றால் காவல் துறை அறிக்கை இல்லாமல் உரிமைகோரல் நகராது. 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்தான், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் பாஸ்புக்கில் அந்த 20 ரூபாய் பிடித்திருக்கிறதா, நியமனதாரர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லையென்றால் குடும்பம் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, பென்னாகரம் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்காக நடக்க வேண்டிவரும். உரிமைகோரல் படிவத்தை விபத்து நடந்த 30 நாளுக்குள் வங்கிக் கிளையில் கொடுத்து, ஒப்புகையில் முத்திரை வாங்குங்கள்.