தூளிக்கு அடியில் இரண்டு விரல் காற்று

ஊசியும் நூலும் – 11

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் தூளி என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உத்தரத்தில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு பழைய நூல் சேலை, சேலைக்குள் பிள்ளை. கை மீன் ஆய்ந்துகொண்டிருக்கும். கால் தூளியை ஆட்டிக்கொண்டிருக்கும். யாழ்ப்பாணத்தில் இதையே ஏணை என்பார்கள். பெயர் எதுவானாலும் செய்முறை ஒன்றுதான். துணியின் இரண்டு முனைகளையும் கூட்டிக் கட்டினால் நடுவில் தானாகக் குழி விழும். பிள்ளை அந்தக் குழியில் அடங்கும்.

குப்பத்தைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலைக்கு வந்தால், பெரியவர்களுக்கான தூளியைப் பார்க்கலாம். துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் காத்துக் கிடக்கும் லாரி ஓட்டுநர்களுக்குப் படுக்கை வண்டிக்கு அடியில்தான். இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு நடுவே ஒரு தார்ப்பாயையோ போர்வையையோ இழுத்துக் கட்டினால் போதும். மேலே கன்டெய்னரே கூரை. கீழே தார்ச் சாலையின் சூடு உடம்பில் படாது. முதுகைக் காற்று தடவிக்கொண்டே போகும். சித்திரை வெயிலுக்கு இதைவிடச் சுகமான படுக்கை கிடையாது.

அதே தூளியை மார்கழி மாதத்தில் கொடைக்கானல் பக்கம் கொண்டுபோய் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டினால் கதை மாறிவிடும். மேலே இரண்டு கம்பளி போர்த்தியிருந்தாலும், நள்ளிரவு தாண்டுவதற்குள் முதுகும் இடுப்பும் ஐஸ் கட்டியில் படுத்ததுபோல ஆகிவிடும். எண்ணூரில் வரமாக இருந்த அந்த அடிக்காற்று அங்கே சாபம். மலையேறுபவர்கள் ‘ஹேமக்’ என்று சொல்லும் தொங்கு படுக்கையை வீட்டிலேயே தைக்க நினைப்பவருக்கு முதல் சிக்கல் துணி அல்ல, இந்தக் காற்று.

கம்பளி ஏன் காப்பாற்றுவதில்லை? கம்பளியோ பஞ்சோ தானாகச் சூடு தருவதில்லை. அவற்றின் இழைகளுக்கு நடுவே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. படுத்தவுடன் முதுகின் கீழ் இருக்கும் கம்பளி உடல் எடையில் நசுங்கி, காற்று வெளியேறிவிடுகிறது. மிஞ்சுவது ஒரு பரப்புத் துணி மட்டுமே. தரையில் படுத்தால் பாயும் மண்ணுமாவது மறைக்கும். தொங்கும் படுக்கையில் துணிக்கு அந்தப் புறம் ஓடும் குளிர்காற்றுதான். தூங்கும் மனித உடல் உண்டாக்கும் வெப்பம் ஏறத்தாழ 70 முதல் 80 வாட், அதாவது பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவு. அடியில் தடுப்பில்லாத ஹேமக் அதில் பெரும்பங்கை முதுகு வழியாகவே இழுத்துக்கொண்டு போய்விடும். வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினாலே பலருக்கு முதுகு குளிரத் தொடங்கும். சென்னையின் தை மாத விடியலே அந்த எல்லையை ஒட்டி வந்துவிடும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த தொல்லை அல்ல. ‘ஹமாகா’ என்பது கரீபியன் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்களின் சொல். 1492இல் அங்கே போய் இறங்கிய கொலம்பஸ் பருத்தி வலையில் மனிதர்கள் தூங்குவதைக் கண்டு எழுதி வைத்தார். அடுத்த நூற்றாண்டின் இறுதியில், 1597இல், ஆங்கிலேயக் கடற்படை இதைத் தன் மாலுமிகளுக்குப் படுக்கையாக ஏற்றுக்கொண்டது. போர்க்கப்பலில் ஒரு மாலுமிக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். அந்தக் கான்வாஸ் தூளிக்குள் கழிவுக் கம்பளி அடைத்த மெல்லிய மெத்தை ஒன்றும் போட்டுக்கொண்டார்கள். வெப்பக் காப்புள்ள ஹேமக்கின் மூதாதை அதுதான்.

நிலாவிலும் இதே கதை நடந்தது. 1969 ஜூலையில் அப்போலோ 11இன் நிலாக் கலத்தில் ஆல்ட்ரின் தரையில் சுருண்டு படுத்தார். ஆர்ம்ஸ்ட்ராங் எஞ்சின் மூடிமேல் சாய்ந்து, காலுக்கு ஒரு கயிற்றுத் தொங்கல் கட்டிக்கொண்டார். குளிரிலும் இரைச்சலிலும் இருவருக்கும் சரியான தூக்கம் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் அப்போலோ 12 போனபோது கலத்துக்குள் ஹேமக் வந்துவிட்டது.

எளிய தீர்வு ஒன்று உண்டு. இரண்டு பரப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பக்கங்களைத் தைத்து, நடுவில் ஒரு யோகா பாயைச் செருகிவிடலாம். ஃபோமின் நுண்ணறைகளுக்குள் அடைபட்ட காற்று எடையில் நசுங்காது. செலவும் குறைவு. ஆனால் ஃபோம் வியர்வையை வெளியே விடாது. விடியும்போது முதுகு ஈரமாக இருக்கும். பாய் மடங்காமல் விறைத்து நிற்பதால் தோள்பட்டை ஓரங்களில் இடைவெளி விழும். ஒருக்களித்துத் திரும்பினால் பாய் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

நல்ல வழி, பஞ்சைத் துணியோடு சேர்த்தே தைப்பது. இங்கேதான் பல தையல்காரர்கள் முதல்முறை கோட்டை விடுகிறார்கள். மேல் துணியும் கீழ்த் துணியும் ஒரே அளவில் வெட்டி, நடுவில் பஞ்சு வைத்து, ரஜாய் தைப்பதுபோல வரிவரியாகத் தையல் ஓட்டிவிடுகிறார்கள். மேசையில் விரித்துப் பார்த்தால் அழகாக இருக்கும். ஆள் ஏறிப் படுத்ததும் மேல் துணி குழியும். அதே அளவுள்ள கீழ்த் துணி இழுபட்டு விறைக்கும். நடுவில் இருக்கும் பஞ்சு சப்பாத்தியாகிவிடும். உழைத்துச் சேர்த்த காற்று முழுவதும் போச்சு. தையல் ஓடிய கோடு ஒவ்வொன்றும் குளிர் நுழையும் வாய்க்கால். போதாததற்கு, எடை தாங்கும் துணியில் ஊசி போட்ட துளைகள் வரிசையாக நிற்கும்; கிழிசல் தொடங்குவது அங்கேதான்.

ஆகவே வெட்டும்போதே மூன்று துணிகளுக்கும் மூன்று வேலை என்று பிரித்துவிட வேண்டும். முதல் துணி எடை தாங்குவது: சுமார் 11 அடி நீளம், 5 அடி அகலம். ஒரு சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர், அகலம் ஒரு மீட்டருக்குச் சற்றே மேல். அதோடு ஒப்பிட்டால் ஹேமக் நீளத்தில் குறைவு, அகலத்தில் தாராளம். அந்த அகலம் வீண் அல்ல. படுப்பவர் நேராகப் படுக்காமல் கொஞ்சம் குறுக்காகப் படுத்தால்தான் முதுகு வாழைப்பழம்போல வளையாமல் தட்டையாக நிற்கும். இந்தத் துணியின் நடுவில் ஒரு தையல்கூடப் படக் கூடாது.

இரண்டாவதும் மூன்றாவதும் பஞ்சுக்கு உறை. இவை தோளிலிருந்து முழங்கால்வரை வந்தால் போதும். வெளிப்பக்க உறையை உள்பக்க உறையைவிட அரையடிக்குக் குறையாமல் அகலமாக வெட்ட வேண்டும். சூட்சுமமே இந்த அரையடிதான். உடம்பு அழுத்தும்போது உள் உறை குழிந்தாலும், வெளி உறை அதைவிடப் பெரிய வட்டமாகத் தொங்கும். இடையில் பஞ்சு இரண்டு விரல் தடிமனுக்கு உப்பி நிற்க இடம் கிடைக்கும். அகலத்தை மிகவும் கூட்டினால் வேறு வினை: முதுகுக்கும் பஞ்சுக்கும் நடுவே பொந்து விழுந்து, தலைமாட்டில் புகும் காற்று கால்மாட்டில் வெளியேறும். அதனால் உறையின் இரு முனைகளிலும் பாவாடைக்கு வைப்பதுபோல ஒரு பட்டி மடித்துத் தைத்து, எலாஸ்டிக் நாடா கோர்த்துச் சுருக்கிவிட வேண்டும். படுத்தபின் கையை அடியில் விட்டுப் பார்த்தால் பஞ்சு முதுகைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும்.

துணிக்கு வடசென்னைக்காரர் தூரம் போக வேண்டியதில்லை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்குப் பேர்போனது. கேட்க வேண்டியது ரிப்ஸ்டாப் நைலான் அல்லது பாலியஸ்டர். கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடியிருப்பதால் ஒரு கட்டத்தில் விழுந்த கிழிசல் அடுத்த கட்டத்துக்கு எளிதில் தாவாது. பஞ்சுக்குக் குளிர்கால உடைகளில் வைக்கும் பாலியஸ்டர் ஷீட். நூலும் பாலியஸ்டராகவே இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். மெல்லிய துணிக்கு 11ஆம் நம்பர் ஊசி, நாலைந்து மடிப்பு சேரும் முனைகளுக்கு 14. குண்டூசி குத்தினால் ஓட்டை அப்படியே நிற்கும்; ஓரங்களைக் கிளிப் போட்டுப் பிடித்துக்கொள்வது நல்லது.

பாலியஸ்டர் வேண்டாம் என்பவருக்கு இலவம் பஞ்சு இருக்கிறது. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் பக்கம் ஏலக்காயோடு சேர்த்துப் பேசப்படும் சரக்கு இது. இலவ இழை உள்ளே குழலாக, காற்று நிறைந்து இருக்கும். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீரை எளிதில் ஏற்காது. இரண்டாம் உலகப் போர்க் காலம்வரை கடற்படைகளின் உயிர்காப்பு அங்கிகளுக்குள் மிதவையாக இருந்தது இந்தப் பஞ்சுதான். ஹேமக்குக்கு இதில் இரண்டு குறை. ஒரே இடத்தில் ஒதுங்கிக் கட்டி தட்டும், துவைக்க முடியாது. நாலைந்து அறைகளாக உறையைப் பிரித்து அடைத்தால் முதல் குறை கொஞ்சம் தீரும். அடைத்து முடித்ததும் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே பஞ்சு போதவில்லை.

எந்தப் பஞ்சானாலும் எண்ணெய் ஆகாது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் காற்றுக்கு இடமில்லை. எண்ணெய் என்ன செய்யும் என்பது நெட்டுக்குப்பத்துக்குப் பாடம் எடுக்க வேண்டிய விஷயமல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம்வரை பரவியது. படகிலும் வலையிலும் படிந்தது. கழுவி மீட்க முடியாத வலைகள் தொழிலையே நிறுத்தின. டீசல் கேன் உருளும் ஃபைபர் படகில் ஹேமக்கைச் சுருட்டிப் போடக் கூடாது என்பதை இங்கே யாரும் உடனே ஒப்புக்கொள்வார்கள்.

கட்டுவதும் இந்த ஊருக்குப் பழகிய வேலைதான். மீன்வலையின் ஒவ்வொரு கண்ணியையும் பூட்டும் முடிச்சுக்கு ஆங்கிலேய மாலுமிகள் வைத்த பெயர் ‘ஷீட் பெண்ட்’. தறியில் அறுந்த இழையை நெசவாளர் சேர்ப்பதும் அதே அமைப்பில்தான். ஹேமக்கின் முனையைக் கொசுவிக் கட்டி, அதன்மேல் பட்டையைச் சுற்றி மாட்டும் ‘பெக்கெட் ஹிட்ச்’சும் அதன் உடன்பிறப்பே. எடை ஏற ஏற இறுகும், இறங்கியதும் அவிழ்க்கலாம். வலை ஊசி பிடித்த கைக்கு இதைக் கற்க ஐந்து நிமிடம் போதும்.

கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் பலம் என்று தோன்றும். கணக்கு நேர்மாறு. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிந்திருந்தால், 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் விழும் இழுவிசை 70 கிலோ. அதையே 10 டிகிரிக்கு விறைத்தால் 200 கிலோவைத் தாண்டும். 5 டிகிரியில் 400 கிலோ. பஞ்சு உறைக்கும் இதே காரணத்தால் ஆபத்து: விறைத்த துணி பஞ்சை நசுக்கும். இதைத் தவிர்க்க, இரண்டு முனைகளையும் இணைத்து ஒரு மெல்லிய கயிறு கட்டிவிடுவார்கள். 11 அடி ஹேமக்குக்கு அதன் நீளம் 9 அடிக்குச் சற்று மேல், அதாவது துணி நீளத்தில் 83 சதவீதம். மரங்கள் கிட்டே இருந்தாலும் தள்ளி இருந்தாலும் துணியின் தொய்வு மாறாது.

முதல் சோதனை முழங்கால் உயரத்தில்தான். மரத்தில் நேரடியாகக் கயிறு கட்டினால் மரப்பட்டை அறுபடும். ஓர் அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள பாலியஸ்டர் பட்டை வேண்டும். நைலான் பட்டை எடையில் நீண்டு, விடிவதற்குள் ஆளைத் தரையில் இறக்கிவிடும். காட்டுக்குள் இரவு தங்குவதென்றால் வனத்துறையின் அனுமதி முதலில். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 வழித்தடங்கள் இருந்தாலும், நினைத்த மரத்தில் தூளி கட்ட அது உரிமம் ஆகாது.

மிச்சமிருப்பது சென்னைக்கே உரிய ஒரு திருத்தம். பஞ்சை நாலு பக்கமும் மூடித் தைத்துவிட்டால் வருடத்தில் பத்து மாதம் அந்த ஹேமக் பரணில்தான் கிடக்கும். அதனால் உறையின் ஒரு பக்கத்தைத் துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டு, மறுபக்கத்துக்கு ஜிப் வைத்துவிடலாம். மலையில் மூடிக்கொள்ளலாம். எண்ணூருக்குத் திரும்பியதும் ஜிப்பைத் திறந்து உறையை ஒரு புறமாகத் தொங்கவிட்டால், கடற்காற்று பழையபடி முதுகைத் தொடும்.

மேலே கட்டும் தார்ப்பாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மரத்தில் வழியும் மழைநீர் பட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பஞ்சை நனைத்துவிடும். பட்டையில் தொங்கவிடும் ஒரு சாண் நூல் அதை எப்படித் திசை திருப்புகிறது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)