பழம்பொருளும் விற்பவர் பொறுப்பும்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வெண்டைக்காய் வாங்கும் நாம், நுனியை ஒடித்துப் பார்த்தே கூடையில் இடுகிறோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்குவோரும் பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கலாம். இணையத்தில் அவ்வசதி இல்லை. விற்பவர் எழுதும் விவரமே வாங்குபவருக்குக் கண்ணும் கையும் ஆகும்.

ஆதலின், பரணிலுள்ள பித்தளைக் குடத்தை இணையத்தில் விற்க முற்படும் நம்மவர், ஒடுக்கு, ஓட்டை, பற்றவைத்த இடம் யாவற்றையும் முன்னரே தெரிவித்தல் வேண்டும். ஓட்டையை மறைத்து விற்றுவிட்டு, "வழியில் நேர்ந்தது" என்று கூரியர் மீது பழிபோடுதல் முறையன்று. வாங்கியவரின் பணம் வீணாவதோடு, நம் சொல்லின் மதிப்பும் அழிகிறது.

விவரத்திற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கலாகாது என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி. தொழிலாக அன்றி, வீட்டுப் பொருளை என்றோ ஒருநாள் விற்பவரை அவ்விதி கட்டுப்படுத்தாது. அங்கே நம்மைக் கட்டுப்படுத்த வேண்டியது நம் மனச்சான்றே அன்றோ!