அக்ரின் புரதமும் அதன் பள்ளத்தில் உறையும் சிறுபொருள்களும்

விலங்கின் தசை சுருங்குதற்கும், கலம் தன் வடிவை மாற்றி ஊர்ந்து செல்லுதற்கும் இன்றியமையாத புரதங்களுள் அக்ரின் ஒன்றாகும். தசையிலுள்ள அக்ரின் மூலக்கூறு 375 அமினோவமிலங்களாலாயது. அதன் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 42,000. இத்துணைப் பெரிய புரதத்தின் நிலைபேறும் நடையும் அதனுட் புகுந்திருக்கும் இரு சிறு பொருள்களையே சார்ந்துள்ளன. அவை அடினோசின் முப்பொசுபேற்று, அஃதாவது ஏ.ரீ.பீ. என்னும் நியூக்கிளியோதைட்டும், இரண்டு நேரேற்றங்களையுடைய உலோக அயன் ஒன்றுமாம். நியூக்கிளியோதைட்டின் நிறை புரதத்தின் நிறையில் எண்பதிலொரு கூறளவே. உலோக அயனோ அதனினும் மிகச் சிறிது.

அக்ரினைப் பிரித்தெடுத்தவர் புரூனோ ஸ்ட்ரௌப் என்பார். இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்த காலத்தில், 1942இல், அங்கேரி நாட்டின் செகெட் நகரில், செண்ட்-ஜோர்ஜியின் ஆய்வுகூடத்தில் அவர் இதனைச் செய்தார். முயலின் தசையை அசற்றோனில் உலர்த்திப் பொடியாக்கி, அப்பொடியினின்று நீராற் புரதத்தை வடித்தெடுத்தார். இவ்வாறு பெற்ற கரைசல் நீர்போல இளகியிருக்கும். சிறிது உப்பிட்டவளவில் பாகுபோலத் தடிக்கும். தனித்தனியே மிதந்த கோளவுருவான மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோவையுற்று நீண்ட இழைகளாதலே அதற்குக் காரணம். 1950இல் ஸ்ட்ரௌப்பும் ஃபொயரும் மற்றோர் உண்மையைக் கண்டனர். கோளவுரு அக்ரினில் ஏ.ரீ.பீ. இறுகப் பற்றியுள்ளது, இழையாகுங்கால் அது ஒரு பொசுபேற்றை இழந்து ஏ.டீ.பீ. எனப்படும் இருபொசுபேற்றாகின்றது.

இதிலிருந்து, தசை சுருங்குந்தோறும் அக்ரின் இழை குலைந்து மீள அமைகின்றதுபோலும் என்ற எண்ணம் அக்காலத்தில் எழுந்தது. ஏற்கத்தக்க ஊகமே, எனினும் அது நிலைக்கவில்லை. உயிருள்ள விலங்கின் தசையில் அக்ரினோடு பிணைந்த ஏ.டீ.பீ. தசை சுருங்கும்பொழுது மாற்றீடு அடைவதில்லை என்பதைக் கதிரியக்க அடையாளமிட்ட பொருள்களைக்கொண்டு 1960இல் மார்ட்டொனோசியும் உடனாய்வாளரும் காட்டினர். சுருக்கத்துக்கான வலுவை ஈவது மயோசின் என்னும் மற்றைப் புரதம் பகுக்கும் ஏ.ரீ.பீ.யே. அக்ரின் தன்னுட் கொண்டிருக்கும் ஏ.ரீ.பீ.யின் பணி வேறு.

அப்பணியை விளங்குதற்கு அதன் உறைவிடத்தை அறிதல் வேண்டும். அக்ரின் பளிங்காகாது இழையாகிவிடும் இயல்பினதாகலின், பளிங்கின்மீது எக்சுக் கதிர் செலுத்தி அதன் அமைப்பைக் காணல் நெடுங்காலம் அரிதாயிருந்தது. இழையாதலைத் தடுக்கும் வேறொரு புரதத்தோடு அதனைப் பிணைத்துப் பளிங்காக்கி, 1990இல் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரிற் கப்ஷ், ஹோம்ஸ் முதலியோர் அவ்வமைப்பை வெளியிட்டனர். சிறிது திறந்த இப்பியின் இரு ஓடுகள்போல அக்ரினின் இரு பாதிகளும் அமைந்துள்ளன. இடையிலுள்ள பள்ளத்தின் அடியில் ஏ.ரீ.பீ. கிடக்கின்றது. அதன் பொசுபேற்று வாலையொட்டி உலோக அயன் அமர்ந்து, ஒருபுறம் பொசுபேற்றுக்களின் ஒட்சிசன் அணுக்களையும் மறுபுறம் நீர் மூலக்கூறுகளையும் பற்றுகின்றது. அந்நீர் மூலக்கூறுகள் புரதத்தைப் பற்றுகின்றன. உலோக அயன்களைக் கவ்வும் ஈ.டீ.ரீ.ஏ.யைக் கரைசலில் இட்டு அயனை அகற்றினால், ஏ.ரீ.பீ.யின் பிடி தளரும். அதுவும் நீங்கினாற் புரதம் விரைவில் உருக்குலையும். உயிரும் மெய்யும் கூடி ஓரெழுத்தாய் நின்றாற்போல, இவ்விரண்டும் கூடியே அக்ரினைக் காக்கின்றன என்று கொள்ளலாம்.

இனி, அவ்வயன் யாது? ஆய்வுகூடத்தில் வடித்த அக்ரினிற் காணப்படுவது கல்சியம். கலத்தினுள் இருப்பதோ மகனீசியம். இவ்வேறுபாடு பலரை மயக்கியதில் வியப்பில்லை. தனியே ஒப்பிடின், அக்ரின் கல்சியத்தையே மகனீசியத்தினும் சில மடங்கு இறுகப் பற்றுகின்றது. ஆயினும் கலத்தினுட் கட்டற்றுத் திரியும் மகனீசியம், ஓய்வுநிலையிலுள்ள கல்சியத்தைக் காட்டிலும் ஆயிரக்கணக்கான மடங்கு மிகுதி; ஆகவே பள்ளத்தைக் கைக்கொள்வது அதுவே. குடுவையிற் கல்சியஞ் சேர்ந்த கரைசலில் அக்ரினைப் பேணுவது வழக்கமாதலின், ஆங்குக் கல்சியம் இடம்பெற்றுவிடுகின்றது. இவ்வயன்களின் பிணைப்பு முன்னர்க் கருதியதினும் மிக வலிதென்பது 1986இலேதான் அளவிட்டுக் காட்டப்பட்டது. கல்சியமுள்ள அக்ரின் இழையாகத் தொடங்குவதும் ஏ.ரீ.பீ.யைப் பகுப்பதும் மந்தமாகவே நிகழும். எனவே, பள்ளத்திலிருந்த அயன் யாதெனக் கூறாத பழைய அளவீடுகளை உயிர்க்கலத்துக்கு அப்படியே பொருத்துதல் தவறாகும். புரதத்தின் மேற்பரப்பிலே தளர்வாகப் பற்றும் அயன்களும் உள. உப்பிட்டவுடன் இழை உண்டாதற்கு உதவுவன அவையே. பள்ளத்து அயனோடு அவற்றை மயக்குதல் ஆகாது.

இழையிற் சேர்ந்தவுடன் அக்ரினின் இரு பாதிகளும் ஒன்றற்கொன்று சார்பாகத் திரும்ப, மூலக்கூறு தட்டையாகின்றது. இதனை ஓடாவும் உடனாய்வாளரும் 2009இற் காட்டினர். இம்மாற்றத்தால் நீர்ப்பகுப்பு பல்லாயிரம் மடங்கு விரைவுறும். சேர்ந்த மூலக்கூறுகளிற் பாதி ஏறத்தாழ இரண்டு செக்கனில் தம் ஏ.ரீ.பீ.யைப் பகுத்துவிடும். பிரிந்த பொசுபேற்றோ உடனே வெளியேறாது. அதிற் பாதி நீங்குதற்குச் சில நிமிடங்கள் செல்லும். ஆகவே, இழையின் புதிய பகுதியில் ஏ.ரீ.பீ.யும், அடுத்து ஏ.டீ.பீ.யும் பொசுபேற்றும், பழைய பகுதியில் ஏ.டீ.பீ. மட்டும் இருக்கும். இழையின் வயதை இது குறிக்கின்றது. கோபிலின் என்னும் புரதம் பழைய பகுதியைத் தேர்ந்து பற்றி இழையைத் துணிக்கும். விடுபட்ட மூலக்கூறு ஏ.டீ.பீ.யை விட்டுப் புதிய ஏ.ரீ.பீ.யைப் பெறுதலைப் புரோபிலின் விரைவுபடுத்தும். ஊர்ந்து செல்லுங் கலத்தின் முன்விளிம்பில் இச்சுழற்சி இடையறாது நடைபெறும். 2022இல் ஜேர்மனியின் டோட்முண்ட் நகர ஆய்வாளர் உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் இந்நிலைகள் ஒவ்வொன்றையும், மகனீசியத்தோடும் கல்சியத்தோடும் தனித்தனியே, பள்ளத்து நீர் மூலக்கூறுகள் தெரியுமளவுக்குப் படமெடுத்தனர்.

பள்ளத்தின் அமைப்பில் நேரும் சிறு பிழையும் மனிதவுடலில் வெளிப்படும். தசை அக்ரினின் மரபணுவில் நேர்ந்த மாற்றங்களாற் பிறவித் தசைநோய் உண்டாதல் 1999இல் அறிவிக்கப்பட்டது. அம்மாற்றங்களுள் ஒன்று, பொசுபேற்றைத் தாங்கும் வளைவில் 15ஆம் இடத்துக் கிளைசீனை நீக்கி ஆர்ஜினீனைப் புகுத்துவது. இத்தகைய நோயின் கடும் வகைகளிற் குழந்தை பிறக்கும்பொழுதே கைகால்கள் துவண்டிருக்கும். மூச்சிழுக்குந் தசைகளும் வலியிழந்திருக்கும்.